எதிர்வீட்டு மேசை ரம்பம்

குட்டியானை வண்டி எங்கள் தெருவுக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றுவிட்டது. ஈஜிபுராவில் எங்கள் தெரு அப்படி. இரண்டு பைக் எதிரெதிரே வந்தால் யாராவது ஒருவர் அடுத்தவர் வீட்டுப் படியில் ஏறி நின்று வழிவிட வேண்டும். அதனால் அந்த மேசை ரம்பத்தை முனையிலேயே இறக்கி, அடியில் இரும்புக் குழாய்களைப் போட்டு உருட்டிக்கொண்டு வந்தார்கள். பச்சை நிறத்தில், வார்ப்பிரும்பு மேல்தட்டோடு, ஒரு கன்றுக்குட்டி அளவு. ஊர்வலத்துக்கு முன்னால் கையை ஆட்டி ஆட்டி வழிசொல்லிக்கொண்டு வந்தவள் எதிர்வீட்டுப் பெண். அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! கல்யாணத்துக்குக்கூட அப்படிச் சிரித்திருப்பாளா தெரியவில்லை.

ஆனேக்கல் பக்கம் ஒரு மரக்கடையில் அவள் பதினோரு வருஷம் பாலிஷ் போட்டவள். வெட்டுகிற ஆள் வராத நாட்களில் இதே ரம்பத்தில் வெட்டவும் பழகிக்கொண்டாள். அவள் வீட்டுக்காரருக்கு வைட்ஃபீல்டில் ஆபீஸ் கேப் ஓட்டும் வேலை கிடைத்ததும் இங்கே குடிவந்தார்கள். அவளும் அங்கேயே ஓர் அடுக்குமாடியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போனாள். இப்போது பழைய முதலாளி கடையை மூடிவிட்டு மகள் வீட்டுக்குப் போகிறார். போகும்போது, "உனக்குத்தாம்மா இதோட குணம் தெரியும், எடுத்துட்டுப் போ" என்று ரம்பத்தை அவளிடமே கொடுத்துவிட்டார்.

அவள் வேலை பார்த்த அடுக்குமாடியில் குழந்தைகளுக்குப் புத்தக அறை ஒன்று திறக்கிறார்கள். அதற்குப் பத்துக் குட்டி பெஞ்சுகள் வேண்டும். "நான் செஞ்சு தரேன் மேடம்" என்று அதற்குப் பொறுப்பான அம்மாவிடம் இவள் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாவும் நல்லவர்தான். சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கமிட்டி கூடுகிறது, அதற்குள் ஒரு பெஞ்சைச் செய்து கொண்டுவந்து காட்டு, பிடித்திருந்தால் மீதி ஒன்பதும் உனக்கே, இல்லாவிட்டால் ஆன்லைனில் வாங்கிக்கொள்கிறோம் என்றுவிட்டார். இவள் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசரிடம் ஒரு வாரம் லீவு சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை வேலைக்கு வருகிறாயா இல்லையா என்று அவருக்குத் தெரிந்தாகவேண்டும். அதாவது ஒரு குட்டி பெஞ்சு நேராக நின்றால் சொந்தத் தொழில். ஆடினால் மறுபடியும் பதினெட்டு மாடிப் படிக்கட்டைத் துடைக்கவேண்டும்.

ரம்பம் வந்து இறங்கியது வியாழக்கிழமை மத்தியானம்.

"அக்கா! கொஞ்சம் வாங்களேன்!"

நான் அடுப்பைக் குறைத்துவிட்டு ஓடினேன். என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. நான் எங்கள் தெருவுக்கு மிக்சி, கிரைண்டர் பார்ப்பவள். யாரும் சொல்லித்தரவில்லை. ஒருநாள் என் கிரைண்டர் பாதி மாவில் நின்றுபோனது. கோபத்தில் திறந்தேன். அன்றைக்குத் திறந்தவள்தான், இன்னும் மூடவில்லை என்பார் என் வீட்டுக்காரர்.

அவள் ஷெட் என்பது வீட்டுக்குப் பக்கத்திலேயே தகரம் வேய்ந்த ஒரு பைக் நிறுத்துமிடம். சுவிட்சைப் போட்டாள். "ம்ம்ம்ம்" என்று ஒரு முனகல். பிளேடு அசையவில்லை.

"அமத்து, அமத்து!" என்று கத்தினேன். "மோட்டார் வெந்துடும்!"

எந்த மெஷினானாலும் எனக்கு ஒரு பழக்கம். முதலில் பிளக்கைப் பிடுங்கி என் கண்ணெதிரே வைத்துக்கொள்வேன். பிறகு மூன்று கேள்வி. கடைசியாக எப்போது நன்றாக ஓடியது, கடைசியாக யார் திறந்தார்கள், ஏதாவது வாடை வந்ததா? மூன்றாவது கேள்விக்கு அவள் மூக்கைச் சுருக்கினாள். "வாடை எதுவும் இல்லக்கா. ஆனா ஆறு மாசமா ஓடாம கெடந்துச்சு."

வாடை இல்லையென்றால் சுருள் வேகவில்லை. முனகுகிறது என்றால் கரண்ட் வருகிறது. மோட்டாருக்கு முதல் உந்துதலைக் கொடுக்கிற ஆள்தான் படுத்துவிட்டான். மோட்டார் முதுகில் ஒரு டப்பிக்குள் கண்டென்சர் இருந்தது. வெளியே எடுத்தால், வயிறு உப்பி, ஓரத்தில் கசிந்து போயிருந்தது. "பாரு, அஜீரணம்!" என்றேன். இருவரும் சிரித்தோம். என் கிரைண்டர் டப்பாவில் இதே அளவில் ஒன்று இல்லை. மெயின் ரோட்டில் மோட்டார் சுற்றுகிற பாய் கடைக்கு அவளே ஓடினாள். பழையதைக் கையில் வாங்கிப் பார்த்த பாய், "இது செத்து பாவம் பொழச்சுக்கிச்சு, அம்மா. இனிமே மெஷினைப் பேஜார் பண்ணாதீங்க" என்று புதிதாக ஒன்று கொடுத்தனுப்பினாராம். செத்துப் பிழைப்பது எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை நான் மறக்கவும் இல்லை.

மாட்டினோம். சுவிட்சைப் போட்டாள். ஐயோ, அந்தச் சத்தம்! ஊய் என்று எழும்பிச் சீராகச் சுற்ற ஆரம்பித்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில்தான் வெட்ட ஆரம்பித்தாள். சில்வர் ஓக் பலகை, பெஞ்சுக் கால்களுக்கு. பத்து நிமிஷத்தில் மறுபடியும் கூப்பிட்டாள். இந்த முறை குரலில் துள்ளல் இல்லை.

உள்ளே நுழையும்போதே கருகல் வாடை. வெட்டின ஓரமெல்லாம் தோசைக்கல்லில் தீய்ந்த மாதிரி பழுப்புக் கோடு. இரண்டு துண்டுகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தாள். நடுவில் வெளிச்சம் வந்தது, அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம், அலை அலையாக. நான்கு காலையும் பலகையில் பொருத்தித் தரையில் வைத்தாள். டக், டக் என்று ஆடியது.

காலை ஷிப்டு முடிந்து அப்போதுதான் வந்த அவள் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று பார்த்தார்.

"உங்க மேடம் பெஞ்சு பண்ணச் சொன்னாங்களா, தூளி பண்ணச் சொன்னாங்களா?"

"நீங்க வண்டிய ஓட்டுறப்ப நான் உங்கள எதனா கேக்குறனா?"

"என் வண்டி ஆடுனா பாசெஞ்சர் கேட்பாங்க. உன் பெஞ்சு ஆடுனா கமிட்டி கேட்கும்." சொல்லிவிட்டு அவரும் குனிந்து வெட்டைத் தடவிப் பார்த்தார். "பிளேடு கோணிடுச்சு. இறக்கும்போது எங்கயோ இடிச்சிருக்கும். நான் எஸ்.பி. ரோடு மெஷின் கடைக்குப் போய் வேற வாங்கிட்டு வரட்டா? வர நாலு மணி ஆயிடும்."

நாலு மணி! அதற்குப் பிறகு எப்போது வெட்டி, எப்போது பொருத்தி, எப்போது பாலிஷ் காய்வது? அவள் என்னைப் பார்த்தாள். நான் ரம்பத்தைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரை மேசை ரம்பத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் சுற்றுகிற எதுவும் எனக்குக் கிரைண்டர்தான்.

"அங்க கடையிலயும் இப்படித்தான் வெட்டுமா?" என்று கேட்டேன்.

யோசித்தாள். "கொஞ்சம் கருகும்க்கா. ஆனா அங்க வெட்டுனதையெல்லாம் இழைக்கிற மெஷின்ல குடுத்துடுவாங்க. யாரும் கண்டுக்கல."

அப்படியானால் இது நேற்று குட்டியானையில் வந்த வியாதி இல்லை! எனக்குள் சுர்ரென்று ஏறியது. பிளக்கைப் பிடுங்கிக் கண்ணெதிரே வைத்தேன். பிளேடு மாட்டியிருக்கும் ஷாஃப்டை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன். இம்மியும் அசையவில்லை. பேரிங் நன்றாக இருக்கிறது. பெல்ட்டும் இறுக்கமாகத்தான் இருந்தது. அப்படியென்றால் பிளேடு, இல்லாவிட்டால் பிளேடு உட்காருகிற இடம். இரண்டில் எது?

மேசையில் பிளேடுக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு காடி ஓடும், வெட்டும் துண்டை நேராகத் தள்ளுவதற்கு. அந்தக் காடிக்குள் கச்சிதமாக உட்காரும்படி ஒரு மரக்குச்சியை இழைத்துத் தரச்சொன்னேன். அதன் பக்கவாட்டில் ஒரு ஸ்குரூவை முடுக்கி, அதன் தலை பிளேடின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்தேன். இப்போது கையால் பிளேடைச் சுற்றச் சொன்னேன்.

சத்தமே இல்லை... சத்தமே இல்லை... கிர்ர்ர். மறுபடியும் சத்தமே இல்லை... கிர்ர்ர். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை.

"ஒரு பக்கம் தள்ளிக்கிட்டு நிக்குது!" என்றார் அவர். "நான் சொல்லல? பிளேடு கோணல்!"

"இருங்க தம்பி, அவசரப்படாதீங்க."

உரசிய பல்லில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். ஷாஃப்டின் நுனியிலும் அதே திசையில் ஒரு கோடு. பிறகு நட்டைத் தளர்த்தி, ஷாஃப்டை அசைக்காமல் பிளேடை மட்டும் பாதிச் சுற்றுத் திருப்பி மறுபடி முடுக்கினேன். கோணல் பிளேடில் இருந்தால், கோடு போட்ட அதே பல் மறுபடி உரசவேண்டும். பிளேடில் இல்லையென்றால் வேறு பல் உரசும். பரீட்சைத் தாளைத் திருப்பிப் பார்க்கும் பெண் மாதிரி ஸ்குரூவின் மேல் குனிந்தேன்.

அவள் மெதுவாகச் சுற்றினாள். கோடு போட்ட பல் வந்தது. ஸ்குரூவைத் தாண்டிச் சத்தமில்லாமல் போனது.

பாதிச் சுற்று கழித்து, ஷாஃப்டின் கோடு ஸ்குரூப் பக்கம் வந்தபோது, கிர்ர்ர்!

"பிளேடு இல்ல! பிளேடு இல்லவே இல்ல!" என்று நான் போட்ட கூச்சலில் மாடிவீட்டு ஜன்னல் திறந்தது. "அது உட்காருற எடம்தான்! கழட்டு, கழட்டு!"

பிளேடை எடுத்தோம். பின்னால் ஷாஃப்டோடு சேர்ந்த வட்டத் தட்டு ஒன்று, சின்ன தோசைக் கரண்டி அகலம். அதன் மேல்தான் பிளேடு சாய்ந்து உட்காரும். அதுவும் பச்சை பெயிண்டாக இருந்தது. விரலால் தடவினேன். ஒரே ஓர் இடத்தில், ஓரமாக, வழவழவென்று ஒரு மேடு. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். நகத்தால் கீறினேன். பச்சைக்குக் கீழே சிவப்பு. சிவப்புக்குக் கீழே மஞ்சள். மறுபடி பச்சை. மறுபடி சிவப்பு. ஜவ்வு மிட்டாயைக் கடித்த மாதிரி அடுக்கடுக்காக!

"இது இன்னாடி அதிசயம்?" என்று நிமிர்ந்தேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இது நான் வெச்சதுக்கா."

"இன்னா வெச்ச?"

"பொட்டு."

கடையில் ஆயுத பூஜைக்கு முதல் நாள் பிளேடுகளையெல்லாம் கழற்றித் துடைத்துச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்குவார்களாம். மெஷினுக்குப் புதுப் பெயிண்ட். மறுநாள் காலை பூஜையில் ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கும் வேலை இவளுடையது, ஏனென்றால் கடையில் ஒரே பெண் இவள். "பிளேடு இல்லாம பாத்தா இந்த வட்டம் பளபளன்னு மூஞ்சி மாதிரியே இருக்கும்க்கா. இங்க ஒரு புள்ளி குத்தியிருக்கு பாருங்க, அத மேல திருப்பி வெச்சு, அதுக்கு நேரா வெப்பேன். அதான அதோட நெத்தி?" அடுத்த வருஷம் பெயிண்ட் அடிப்பவருக்கு அந்தப் பொட்டைச் சுரண்ட மனசு வராது. அதன் மேலேயே அடித்துவிடுவார். அதன் மேல் மறுபடி இவள் பொட்டு. பிறகு பிளேடு ஏறும், நட்டு இறுகும், எல்லாம் அமுங்கிக் கல்லாகிவிடும். பதினோரு ஆயுத பூஜை!

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சுவரில் சாய்ந்து சிரித்தார். "உன் கைராசிய நீயே வெட்டிப் பாத்துட்டியே!"

அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"சரி, சுரண்டிடலாம்" என்று பக்கத்திலிருந்த உளியை எடுத்தேன்.

"இன்னைக்கு வெள்ளிக்கெழமைக்கா."

"அதனால?"

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா பொட்ட அழிக்கிறதா? அதுவும் இவரு பக்கத்துல நிக்கிறப்ப?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கும் சட்டென்று சுட்டது. ஒரு பெண் கையால் ஒரு பொட்டை அழிப்பது என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் வீடுகளில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. நான் திருமணமானவள்தான். எனக்கு மட்டும் அந்தக் கூச்சம் இல்லையா? உளி என் கையிலும் கனத்தது. "வெறும் பெயிண்ட்தானே" என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவளுக்கு அது வெறும் பெயிண்ட் இல்லை. தெருமுனையில் பள்ளிக்கூட வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது.

"வேணும்னா நான் பண்ணட்டா?" என்றார் அவர், ரொம்ப மெதுவாக.

"நீங்க தொடாதீங்க!" என்றாள். அந்த மேட்டை விரலால் தடவினாள். "அழிக்கத்தான கூடாது? எடம் மாத்தலாமில்ல?"

விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். முகம் கழுவி, சந்தனக் கிண்ணத்தோடும் குங்குமத்தோடும் வந்தாள். ரம்பத்தின் முன்பக்கம், சுவிட்சுக்கு மேலே, எதுவும் சுற்றாத, எதுவும் உட்காராத இடத்தைத் துணியால் துடைத்தாள். சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைத்தாள். ஒரு துண்டு கற்பூரத்தைத் தட்டில் காட்டினாள். ஷெட்டில் மரத்தூள் இருக்கிறதென்று வாசலுக்கு வெளியே நின்றுதான்! பிறகு மெஷினைப் பார்த்து, வீட்டில் ஒரு பெரிய மனுஷியிடம் சொல்வதுபோல, "இனிமே இதான் உன் நெத்தி. அங்க இருக்குறத எடுத்துக்கறேன், கோவிச்சுக்காத" என்றாள்.

என் தோளில் தட்டி உளியை வாங்கிக்கொண்டாள். அவளேதான் சுரண்டினாள்.

சும்மா சுரண்டவில்லை. உளியைத் தட்டோடு தட்டாகப் படுக்கவைத்து, இரும்பில் கீறல் விழாமல், ஒவ்வொரு அடுக்காக. நான் தின்னர் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டே வந்தேன். "இது கொரோனா வருஷம், பெயிண்ட் கெடைக்கல, மெல்லிசா இருக்கு பாருங்க." "இது என் பொண்ணு பொறந்த வருஷம், சந்தனம் ஜாஸ்தி." எனக்கு அதில் எதுவும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது, அல்லது தெரிந்த மாதிரி இருந்தது. கடைசியில் வெள்ளை இரும்பு பளிச்சென்று வந்தது. உப்புத்தாளை ஒரு கண்ணாடித் துண்டில் சுற்றி நான் தட்டு முழுவதும் சமமாகத் தேய்த்தேன். விரலால் தடவினேன். வழுக்கிக்கொண்டு போனது, எங்கேயும் தடுக்கவில்லை. உதிர்ந்த பொடியை ஒரு காகிதத்தில் சேர்த்து அவர் துளசித் தொட்டியில் கொட்டப் போனார். "பெயிண்ட் செடிக்கு ஆகாது" என்று அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டு, மடித்து அலமாரி மேல் வைத்தார்.

பிளேடு ஏறியது. ஸ்குரூ பழைய இடத்தில். சுற்றினாள். சத்தமில்லை... சத்தமில்லை... முழுச் சுற்று. சத்தமே இல்லை! ஸ்குரூவை ஒரு மயிரிழை முன்னால் தள்ளினேன். இப்போது சுற்று முழுவதும் ஒரே சீராக ஸ்ஸ்ஸ் என்று உரசியது, தாளில் பென்சில் ஓடுவதுபோல.

"போடு!" என்றேன்.

பிளக்கைச் செருகினாள். பலகையை வைத்தாள். வெண்ணெயில் நூல் இறங்குவதுபோல இறங்கியது, சத்தியமாக. கருகல் இல்லை, வாடை இல்லை, பச்சை மரத்தின் மணம் மட்டும். இரண்டு துண்டையும் ஓரம் சேர்த்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள். வெளிச்சம் வரவில்லை. "வரலக்கா! ஒண்ணுமே வரல!" எனக்குக் காட்டினாள், அவருக்குக் காட்டினாள், ஜன்னலில் நின்ற மாடிவீட்டு அம்மாவுக்கும் தூக்கிக் காட்டினாள். அந்த அம்மா ஒன்றும் புரியாமல் கைதட்டினார்.

பொழுது சாய்வதற்குள் பெஞ்சு நின்றது. பாலிஷ் மட்டும் காயவேண்டியிருந்தது.

சனிக்கிழமை நானும் போனேன். எனக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள், வீட்டில் இருக்க முடியவில்லை. கேப்பின் பின்சீட்டில் பெஞ்சுக்கு இடப்பக்கம் அவள், வலப்பக்கம் நான், நடுவில் அது பழைய புடவை போர்த்திக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி. மாரத்தஹள்ளி நெரிசலில் வண்டி நகரவில்லை. அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "மூணு பாசெஞ்சர்ல ஒருத்தருக்குத்தான் பி.பி. ஏறல" என்றார்.

கமிட்டியில் நாலைந்து பேர். பளிங்குத் தரை, தண்ணீர் ஊற்றினால் ஓடாத சமதளம். பொய் சொல்லாத தரை. அவள் பெஞ்சை வைத்தாள். செயலாளர் பெரியவர் நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. டக் என்ற சத்தம் வரவே இல்லை. "சென்னாகிதே" என்றார் கன்னடத்தில், நன்றாக இருக்கிறது என்று. செய்து காட்டச் சொன்ன அம்மா குழந்தைகள் பெஞ்சென்றும் பாராமல் தானே உட்கார்ந்து, முட்டி மார்பைத் தொடச் சிரித்தார். "மீதி ஒன்பதும் நீயே பண்ணு. எப்போ தருவே?"

"ரெண்டு வாரம் மேடம்" என்றாள் இவள், யோசிக்காமல். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, தானே சொன்னதை நம்பாதவள்போல் விழித்தாள்.

வெளியே வந்ததும் நேரே அடித்தளத்துக்கு இறங்கினாள். ஹவுஸ்கீப்பிங் அறை அங்கேதான். ஜன்னலில்லாத அறை, துடைப்பங்கள், வாளிகள். சூப்பர்வைசர் அம்மா கவிழ்த்துப்போட்ட ஒரு வாளியின் மேல் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். ஓசூர்க்காரர். கறாரானவர் என்று கேள்வி.

"திங்கக்கெழமைலருந்து நான் வரலக்கா" என்றாள் இவள்.

அந்த அம்மா மென்றுகொண்டே இவளை மேலும் கீழும் பார்த்தார்.

"மேல பெஞ்சு பாத்தேன். லிஃப்ட்ல கொண்டு போறப்ப. ஆடலையே?"

"ஆடலக்கா."

"கொழந்தைங்களுக்குத்தான் பண்ணுவியா? எங்கள மாதிரி முட்டி வலிக்காரிங்களுக்குப் பண்ண மாட்டியா? இந்த வாளி மேல உக்காந்து உக்காந்து எங்க ஒம்பது பேருக்கும் இடுப்பு போச்சு."

இவள் இடுப்பில் செருகியிருந்த அளவு டேப்பை உருவினாள். அந்த அம்மாவின் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையிலிருந்து முட்டி வரை நீட்டிப் பிடித்தாள்.

"கால நேரா வைங்கக்கா. சாப்பிடுங்க, நீங்க பாட்டுக்குச் சாப்பிடுங்க. ஆடாம இருந்தா போதும்."